முப்பது பேருக்கு 9.9 இலை

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் எப்போது பார்த்தாலும் பென் ஸ்டேட்தான் ஜெயிக்கிறது. பணத்தைக் கொட்டி ஆள் பிடிக்கிறார்களா?
- திருச்சி வாசகர்

பதில்: பணம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2011 முதல் 2025 வரை நடந்த 14 என்சிஏஏ போட்டிகளில் (கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பு மார்ச்சில் நடத்துவது; 2020இல் கொரோனாவால் நடக்கவில்லை) 12 பட்டத்தை அவர்கள் அள்ளியது, உதவித்தொகைக்கு எல்லாக் கல்லூரிக்கும் ஒரே வரம்பு இருந்த காலத்தில். முதல் டிவிஷனில், அதாவது மேல்மட்டப் பிரிவில், எந்தக் கல்லூரியானாலும் அப்போது மல்யுத்தத்துக்கு 9.9 முழு உதவித்தொகைதான். எடைப்பிரிவு பத்து, அணியில் முப்பது பேர், சில இடங்களில் அதற்கும் மேலே. அதாவது பந்தியில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இலை பத்துகூட இல்லை. கோச் இலையைக் கிழித்துத்தான் போட வேண்டும்: ஒருவனுக்கு முக்கால், ஒருவனுக்குக் கால், புதிதாக வந்தவனுக்குப் புத்தகச் செலவு, மற்றவர்களுக்கு அப்பா பாக்கெட்.

காகிதத்தில் சமம். பணம் வேறு வழியாக வந்தது. பெரிய கல்லூரிகளை ஒட்டி, ஒலிம்பிக் கனவோடு இருக்கும் வீரர்களுக்காக நன்கொடையில் ஓடும் தனி கிளப்புகள் உண்டு. பென் ஸ்டேட்டுக்கு நிட்டனி லயன் கிளப். டோக்கியோவில் தங்கம் வாங்கிய டேவிட் டெய்லர் அங்கே பயிற்சி செய்தவர்தான். இருபது வயதுப் பையன் அப்படிப்பட்ட ஆளோடு தினம் பிடி போட்டுத் தோற்றுக்கொண்டே இருந்தால், மார்ச் மாதப் போட்டியில் எதிரே வருகிறவன் அவனுக்கு என்ன பெரிய ஆளாகத் தெரியப் போகிறான்? என்னைக் கேட்டால் உதவித்தொகையைவிட இந்தப் பயிற்சிக் கூட்டாளிதான் பெரிய சொத்து. அப்புறம் 2009இல் வந்த கோச் கேல் சாண்டர்சன், கல்லூரியில் 159 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காத மனிதர். அவரிடம் கற்க யார் வர மாட்டார்கள்!

கேள்வி: உதவித்தொகையே தராத கல்லூரி ஜெயிக்க முடியுமா?
- மதுரை வாசகர்

பதில்: கார்னெலைப் பாருங்கள். ஐவி லீக் (எட்டுப் பழம்பெரும் கல்லூரிகளின் கூட்டு) என்பதால் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பதோடு சரி. அப்படியும் கைல் டேக் நாலு வருடம் நாலு வெவ்வேறு எடையில் சாம்பியன் ஆனார். 2024இல் அணி இரண்டாவது இடம். ஆனால் கார்னெல் 72.5 புள்ளி, பென் ஸ்டேட் 172.5. இரண்டாவது இடம் என்று சொல்லவே கூச்சமாக இருந்திருக்கும்.

கேள்வி: இப்போது வரம்பையே எடுத்துவிட்டார்களாமே, இனி போட்டி சமமாகுமா?
- கோவை வாசகர்

பதில்: எனக்கு நம்பிக்கையில்லை. வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 9.9 கிடையாது. அதற்குப் பதில் அணியில் 30 பேர்தான் இருக்கலாம், 30 பேருக்கும் முழுசாகவே கொடுக்கலாம். கொடுக்கலாம், சரி, யார் கொடுப்பது? அதே சமரசம் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கெல்லாம் சேர்த்து நேரடியாகப் பங்கு தரவும் அனுமதிக்கிறது, முதல் ஆண்டான 2025-26இல் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. அதில் பெரும்பகுதியை கால்பந்தும் (அமெரிக்கக் கால்பந்து, நம்முடையது இல்லை) கூடைப்பந்தும் தின்றுவிடும். மல்யுத்தத்துக்கென்று பணக்கார ரசிகர்கள் இருக்கும் இடத்தில் முப்பது இலையும் விழும், இல்லாத இடத்தில் பழைய கதைதான்.

கேள்வி: சின்னக் கல்லூரிகள் கதி?
- அதே கோவை வாசகர்

பதில்: சின்னது மட்டுமா? செல்வச் செழிப்பான ஸ்டான்ஃபோர்டே 2020 ஜூலையில் மல்யுத்தம் உட்பட 11 விளையாட்டுகளை மூடுவதாக அறிவித்தது. அடுத்த மார்ச்சில் செயின்ட் லூயிஸில் 165 பவுண்டு இறுதிப் போட்டிக்கு ஷேன் கிரிஃபித் கல்லூரிப் பெயரோ சின்னமோ இல்லாத வெறும் கறுப்பு உடையில் வந்து நின்றார், ஜெயித்தார். மே மாதம் கல்லூரி முடிவை மாற்றிக்கொண்டது, பழைய மாணவர்களின் நன்கொடை வாக்குறுதியும் வழக்கும் சேர்ந்து நெருக்கியதால். கிளீவ்லாண்ட் ஸ்டேட் 2025 ஜனவரியில் மல்யுத்தத்தை மூடுவதாகச் சொன்னபோது இவ்வளவு சத்தம் எழவில்லை.