முற்றத்தில் ஒரு பட்டறை: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை செட்டிநாட்டு வாசகர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பூட்டிக் கிடக்கும் வீடு, செம்மண் புழுதி, தொண்டிக் கடற்கரையின் உப்பு என அவர்களுடைய இருசக்கர வண்டிகளுக்கு வரும் தொல்லைகள் அந்த மண்ணோடு சேர்ந்தவை. பதிலையும் அந்த மண்ணை வைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: எங்கள் ஐயா ஓட்டிய பழைய புல்லட் 350, பாயிண்ட் (திறந்து மூடித் தீப்பொறியைக் கிளப்பும் தொடுமுனை) வைத்த வார்ப்பிரும்பு எஞ்சின், கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் இரண்டு ஆண்டுகளாக நின்றபடியே இருக்கிறது. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் படைப்புக்காக (முன்னோர் வழிபாடு) வெள்ளி இரவு பல்லவன் ரயிலில் வந்து இறங்குகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் கையில் இருக்கும். நானே வண்டியைக் கிளப்ப முடியுமா? பெட்ரோல் ஊற்றி உதைத்தால் கிளம்பிவிடும் என்கிறார் பங்காளி வீட்டு அண்ணன்.
— கானாடுகாத்தான் வாசகர்

பதில்: முடியும். ஆனால் அண்ணன் சொன்னபடி முதலில் உதைத்துவிடாதீர்கள். இந்த எஞ்சினில் ஆயிலுக்கென்று தனி அறை ஒன்று உண்டு. அங்கிருந்து பம்ப் அதை எடுத்து எஞ்சினுக்கு அனுப்புகிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் சுழலும் அடிப்பகுதியில் போய்த் தேங்கிவிடும். அந்த நிலையில் கிளப்பினால் தெருவெல்லாம் புகையாகும்; காற்றுக் குழாய் வழியாக ஆயில் பீச்சும். இன்னொரு பக்கம் சிலிண்டரின் உட்சுவர் காய்ந்து, மெல்லிய துரு படிந்திருக்கக்கூடும். அதன்மேல் பிஸ்டன் வளையம் உரசி ஏறினால் விழும் கீறலைப் பிறகு எந்த ஆயிலாலும் அழிக்க இயலாது.

ஆகவே சனிக்கிழமை காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வாருங்கள். முகப்பிலேயே பெட்ரோலை வடிக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தரையாக ஊர்ந்து போகும். படைப்புக்கு வந்திருக்கும் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நிலையும் கதவும் தூணும் பர்மாத் தேக்கு. அங்கே தீ பிடித்தால் ஒரு தலைமுறையின் சொத்து போய்விடும்.

வடித்த பெட்ரோலில் பழைய வார்னிஷ் வாடை அடித்தால் அதைத் திரும்ப ஊற்றாதீர்கள். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புச் செதில்கள் உதிர்ந்து கிடந்தால் டேங்கைக் கழுவுவதே அந்த வாரத்து வேலையாகிவிடும், வண்டியைக் கிளப்புவது அடுத்த பயணத்துக்குத்தான். டேங்க் சுத்தமாக இருந்தால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை (பெட்ரோல் பாயும் துளையுள்ள சிறு திருகு) வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசித்துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து காற்றுப் பம்பால் ஊதுங்கள். எஃகுக் கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பெட்ரோல் அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

ஸ்பேனர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 1956 முதல் திருவொற்றியூரில் உருவான இந்த வண்டி ஆங்கிலேய வடிவமைப்பில் பிறந்தது. பழைய புல்லட்டுகளில் பல நட்டுகள் அங்குலக் கணக்கில் இருக்கும், சில மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். ஏறத்தாழப் பொருந்துகிறதே என்று மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிப்போகும். ஐயாவின் பழைய சாமான் பெட்டி வீட்டில் எங்கேயாவது இருந்தால் தேடி எடுங்கள்; இந்த வண்டிக்குச் சரியான ஸ்பேனர்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

பிறகு அடியில் உள்ள வடிதிருகுகள் எல்லாவற்றையும் திறந்து பழைய ஆயிலை முழுவதுமாக வடித்துவிட்டு, வடிகட்டியைக் கழுவி, 20 டபிள்யூ 50 ஆயில் ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். சாவியைப் போடாமல், கிக்கரைக் கையாலோ காலாலோ மெதுவாகப் பத்துத் தடவை அமுக்குங்கள். கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கும். கிளட்சைப் பிடித்துக்கொண்டும் சில தடவை அமுக்கினால் விடுபட்டுவிடும். பாயிண்டின் இரு முகங்களுக்கும் நடுவே சுத்தமான கெட்டித்தாளை வைத்து இழுத்துத் துடையுங்கள். அது முழுவதும் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்துகொள்ளுங்கள். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நீண்ட நாள் ஆளில்லாத வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, இரவெல்லாம் சார்ஜ் ஏறிய பேட்டரி, இரண்டு லிட்டர் புது பெட்ரோல், புது பிளக். இப்போது ஐயா உதைத்த முறையில் உதையுங்கள். சாவியைப் போட்டதும் முகப்பு விளக்கின் தலையில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெல்ல அமுக்கிக்கொண்டே வந்தால், இடப்பக்கம் சாய்ந்திருக்கும் முள் ஓரிடத்தில் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்த இடம் அது. பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று பொருள். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரெஷர் பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு சிறிது அமுக்கி, கிக்கரை மேலே வரவிட்டு, டீகம்ப்ரெஷரை விட்டுவிட்டு, அதன்பின் முழு வீச்சில் ஓர் உதை. பலத்தைவிட இந்த இடம்தான் முக்கியம். இடம் தவறினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

கிளம்பியதும் ஊரைச் சுற்றிவிடாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. வெடிப்பு விட்ட பழைய டயரில் வேகம் போக வேண்டாம். உங்கள் வண்டியில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும் என்றே நினைக்கிறேன். சென்னையில் புது வண்டி ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் தவறான பக்கத்தைத்தான் மிதிக்கும். காலியான தெருவில் நடை வேகத்தில் அரை மணி நேரம் பழகுங்கள். பதிவுச் சான்று 15 ஆண்டைத் தாண்டியிருந்தால் புதுப்பித்திருக்கிறதா என்பதையும், காப்பீட்டையும் பார்த்த பிறகே சாலைக்குப் போங்கள்.

கேள்வி: என் மகன் பட்டாலையில் (வீட்டுக் கூடம்) வண்டியை நிறுத்தித் தானே ஆயில் மாற்றுகிறான். போன முறை டப்பா கவிழ்ந்து ஆத்தங்குடிக் கல்லில் கறுப்பாக ஊறிவிட்டது. குளியலறைக்கு வாங்கிய ஆசிட்டைப் போட்டுத் தேய்க்கலாமா? இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது என்று அவனிடம் சொல்லிவிடட்டுமா?
— பள்ளத்தூர் வாசகி

பதில்: ஆசிட் வேண்டவே வேண்டாம், அம்மா. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அன்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துப் பதமாக்கியது. ஆசிட் சிமெண்டையே அரிக்கும். கறையோடு பூவேலையும் போய்விடும். தேங்காய் எண்ணெய் பட்டு மெருகேறும் கல்தான் அது, ஆனால் ஓடிய எஞ்சின் ஆயிலில் கரியும் உலோகப் பொடியும் கலந்திருப்பதால் அது கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. சாக்பீஸ் தூளில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகளும் கொஞ்சம் நீரும் விட்டுக் களிபோலக் குழைத்துக் கறைமேல் அரை அங்குலம் அப்பி, பாலித்தீன் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டு, சுரண்டாமல் துடைத்தெடுங்கள். நாலைந்து முறை செய்தால் நன்றாக மங்கும். நிழல்போல ஒரு தடம் மிஞ்சலாம்.

மகனைத் தடுக்காதீர்கள். இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: வீட்டுக்குப் பின்கட்டில் மண்தரையோ கருங்கல் பாவிய இடமோ இருக்கும், அங்கே பழைய தகரத்தை விரித்து, அகன்ற தட்டு வைத்து வடிக்கட்டும். வடித்த ஆயிலைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. மழைநீரை ஊருணிக்குக் கொண்டுசேர்க்கவென்று நம் முன்னோர் ஊரையே சரிவு பார்த்து அமைத்திருக்கும் பகுதி அது. வாய்க்காலில் விட்டது ஊருணியில்தான் போய் நிற்கும். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். வடிதிருகு இரும்பு, எஞ்சின் அடிப்பகுதி அலுமினியம். இறுக்கினால்தான் ஒழுகாது என்று பலம்கொண்ட மட்டும் திருகினால் அலுமினியப் புரி உதிர்ந்துவிடும். இளமையில் நான் ஸ்பேனரில் குழாயைச் செருகி இறுக்கி, திருகு வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுழன்ற அந்த நொடியை இன்றும் என் விரல்கள் மறக்கவில்லை. ஒழுகாமல் காப்பது வாஷர்தான். ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினால் போதும்.

கேள்வி: ஸ்பிளெண்டர் செயின் தொளதொளவென்று அடித்ததால் நானே இறுக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் இப்போது குன்றக்குடி வரை போய்வந்தாலே பின்சக்கர நடுப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது.
— காரைக்குடி வாசகர்

பதில்: செயினை இறுக்கியபோது சக்கரம் பின்னால் நகர்ந்தது, அதோடு பிரேக் கம்பியும் இழுபட்டது. அதனால் பிரேக் கட்டைகள் டிரம்மை எப்போதும் உரசிக்கொண்டே இருக்கின்றன. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே தெரிந்துவிடும். கம்பி முனையில் இருக்கும் நட்டைத் தளர்த்தி, பிரேக் மிதி 20 முதல் 30 மில்லிமீட்டர் வெறுமனே இறங்கிய பிறகே பிடிக்கும்படி வையுங்கள். பின்னால் உள்ள பிரேக் விளக்கு அணையாமல் எரிகிறதா என்றும் பாருங்கள். அந்த ஸ்விட்சையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

செயினையும் அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீர்களோ என்று ஐயப்படுகிறேன். செயின் எல்லா இடத்திலும் ஒரேபோலத் தேய்வதில்லை. உறையிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றி, செயின் மிக விறைப்பாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி வையுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. இரு பக்கத்து அளவுக்கோடுகளும் ஒத்திருக்க வேண்டும். செயினைக் கழற்றி மாட்டினால், இணைப்பைப் பூட்டும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு 90 ஆயிலைத் (கெட்டியான கியர் ஆயில்) தாராளமாகப் பூசுவது நல்லதன்று. புழுதி ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். மெல்லப் பூசி, மிகுந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: முதலில் என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?
— புதுவயல் வாசகர்

பதில்: 8 முதல் 17 வரையிலான ரிங் ஸ்பேனர்கள், நல்ல ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, பிளக் ஸ்பேனர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ். நட்டைக் கவ்வும் அளவை மாற்றும் ஸ்பேனரை வாங்காதீர்கள்.

கேள்வி: வாரத்துக்கு நான்கு நாள் தொண்டியிலிருந்து எக்ஸ்.எல். வண்டியில் மீன் ஏற்றி வந்து விற்கிறேன். வண்டி வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. கம்பி, ரிம், கால் வைக்கும் பலகைக்கு அடிப்பக்கம் எல்லாம் துரு. போன மாதம் பின்சக்கரத்தில் இரண்டு கம்பி ஒடிந்தது. பெயிண்ட் அடித்தால் நிற்குமா?
— தேவகோட்டை வாசகர்

பதில்: துருவின்மேல் அடித்த பெயிண்ட் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது. உங்கள் வண்டியைத் தின்பது கடற்காற்றைவிட மீன்பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர் என்றே எண்ணுகிறேன். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதிச் செயல் என்பதால், உப்பு கலந்த ஈரம் பட்ட இடத்தில் அது பலமடங்கு வேகம் கொள்கிறது. காய்ந்த பிறகும் உப்பு விடுவதில்லை, இரவுப் பனியின் ஈரத்தை இழுத்து மறுபடி நனைந்துகொள்கிறது. அள்ளி அள்ளிப் பொருள் கொடுத்தவர் என்று பெயர்பெற்ற வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர, 1948இல் கால்கோள் இட்டுக் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த அரிமானத்தையே ஒரு முதன்மை ஆய்வுப் பொருளாகக் கொண்டிருக்கிறது. கடல் உப்பு உலோகத்தை என்ன செய்கிறது என்று பார்க்க மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையமும் வைத்திருக்கிறது. உங்கள் தொல்லை அவ்வளவு பெரியது, ஆனால் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

பெட்டிக்கு அடியில் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். அதன் ஓர் ஓரத்தில் துளையிட்டு, நீர் சக்கரத்திலும் செயினிலும் படாமல் வண்டிக்குப் பின்னால் விழும்படி ஒரு குழாய் மாட்டுங்கள். பாதித் துரு இதிலேயே நின்றுவிடும். வியாபாரம் முடிந்த அன்றே, எஞ்சின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் கழுவியும் பயன் குறைவு. தண்ணீர் வேகமாகப் பீச்சும் குழாயைச் சக்கர பேரிங்கின்மேல் காட்டாதீர்கள். ஈரம் வடிந்ததும் ஆயில் தோய்த்த துணியால் கம்பிகளையும் ஸ்டாண்டையும் அடிப்பலகையையும் துடையுங்கள். பிரேக் டிரம் பக்கமும் டயர் பக்கமும் அந்தத் துணி போகவே கூடாது.

மாதம் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேளுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்ததும் உள்ளே அரித்ததும் செத்த ஓசை தரும். அப்படி மூன்று நான்கு கம்பிகள் தெரிந்தால் எல்லாக் கம்பிகளையும் புதிதாகக் கட்டிவிடுங்கள்; 60, 70 கிலோ மீனோடு ஓடும் சக்கரம் அது. அடிச்சட்டத்தில் துரு பிடித்த இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். செதில் உதிர்ந்து உள்ளே பளபளப்பான இரும்பு தெரிந்தால் உப்புத்தாளால் தேய்த்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்து, அதன்பிறகு பெயிண்ட் அடிக்கலாம், அதை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துகொள்ளலாம். தட்டியதும் முனை உள்ளே இறங்கினால் சட்டம் ஓட்டையாகிவிட்டது என்று பொருள். அன்றைக்குத் தொண்டிக்குப் போகாதீர்கள்; சட்டம் பற்றவைக்கத் தெரிந்த பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போங்கள்.