உளவியல் படிப்பில் புள்ளியியல் எதற்கு?

கேள்வி: இளங்கலை உளவியலில் சேர்ந்திருக்கிறேன். புள்ளியியல் பாடம் மிரட்டுகிறது. அது அவசியம்தானா?

பதில்: அவசியம்தான். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகம் அமைத்த நாளிலிருந்தே உளவியல் அளந்து பார்க்கும் துறை. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதால்தான் பலர் சறுக்குகிறார்கள். 10 பேரின் மதிப்பெண்களை வைத்து, திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) ஒருமுறை கையாலேயே கணக்கிடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் சராசரியைக் கழித்து, வர்க்கப்படுத்திக் கூட்டி, 9ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 10ஆல் வகுத்தால், இந்தச் சிலரை (மாதிரி) வைத்து முழுக் கூட்டத்துக்கும் மதிப்பிடும் விலக்கம் குறைவாகவே வரும்.

ஆய்வு முடிவைச் சோதிக்கும்போது கிடைக்கும் பி மதிப்பு (p-value, ஒரு நிகழ்தகவு) 0.05க்குக் கீழே வந்ததும் ‘கருதுகோள் நிரூபணமானது’ என்று எழுதிவிடாதீர்கள். மிகப் பரவலான தவறு இது. உண்மையில் விளைவே இல்லையென்றால், இத்தகைய முடிவு கிடைப்பது அரிது என்பது மட்டுமே அதன் பொருள். விளைவின் அளவையும் சேர்த்தே எழுதுங்கள்.