“உங்க யூனிட் செவ்வாய்க்கிழமை” என்றால் என்ன?
வாசகர் கேள்விகள் - மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களின் பதில்கள்

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அதாவது நம் ஜி.எச்., பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இங்கே சொல்பவற்றில் பெரும்பாலானவை மற்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் பொருந்தும்.

அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆனது. தையல் பிரிக்க வியாழக்கிழமை போனோம். “உங்க யூனிட் செவ்வாய்க்கிழமை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த டாக்டர் பார்த்தால் என்ன?
- வாசகர், வியாசர்பாடி

பொது அறுவை சிகிச்சை, பொது மருத்துவம் போன்ற பெரிய துறைகள் பல யூனிட்டுகளாகப் பிரிந்து இயங்குகின்றன. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், பட்டமேற்படிப்பு மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) இருப்பார்கள். ஓ.பி. நாள், அட்மிஷன் நாள், தியேட்டர் நாள் எல்லாம் யூனிட்டுக்கு யூனிட் மாறும். அப்பாவைச் சேர்த்த அன்று எந்த யூனிட்டுக்கு அட்மிஷன் நாளோ, கடைசி வரை அவர் அந்த யூனிட்டின் நோயாளி.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வயிற்றைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான். வெட்டியெடுத்த குடல் துண்டை லேபில் சோதிக்கும் பயாப்ஸியின் முடிவும் அவர்களுக்குத்தான் போகும். அந்த முடிவு வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். தையல் பிரிக்கும் அவசரத்தில் அதைக் கேட்காமல் வந்துவிடுகிறவர்கள் உண்டு. தையலை விட அதுதான் முக்கியம், கேட்டு வாங்குங்கள்.

வயிற்றுத் தையலைப் பொதுவாக 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். காயம் சுத்தமாக இருந்தால் ஓரிரு நாள் தள்ளிப் போவதால் கெடுதல் இல்லை. ஆனால் காய்ச்சல், காயத்தில் சீழ், திடீரென்று இளஞ்சிவப்பு நீர் கசிவது, வயிறு உப்பி வாந்தி வருவது, வாயு பிரியாமல் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் யூனிட் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. நடுராத்திரி என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் யூனிட் எண், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்த்த தேதி இருக்கும். அந்தப் பக்கத்தை இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். சீட்டு தொலைந்தால் பழைய கேஸ் ஷீட்டைத் தேட ஐ.பி. எண் வேண்டும்.

அம்மா இதய வால்வு நோய்க்காக வார்டில் இருக்கிறார். ஒரே நாளில் ஏழெட்டு மாணவர்கள் வந்து ஸ்டெதஸ்கோப் வைக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாமா?
- வாசகி, தாம்பரம்

தாராளமாகச் சொல்லலாம். வார்டு சிஸ்டரிடமோ உதவிப் பேராசிரியரிடமோ சொன்னால் போதும். அதனால் சிகிச்சை குறையாது, குறையவும் கூடாது. பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

அவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கினால் வரும் சத்தம் மிகத் தாழ்ந்த உறுமல். நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதஸ்கோப்பின் சிறிய கிண்ணத்தை மெல்ல வைத்தால்தான் கேட்கும். அழுத்தினால் மறைந்துவிடும். எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் இந்தச் சத்தம் காதில் பதியாது. அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் மட்டும் அன்று மாணவர்கள் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ஒரே கேள்வியை நாலு பேர் கேட்பதிலும் பலன் உண்டு. முதல் மூன்று பேரிடம் சொல்லாமல் விட்ட நாட்டு மருந்தோ, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையோ, நாலாவது ஆளிடம் வெளியே வருவது சகஜம்.

ஜி.எச். வெள்ளைக்காரன் காலத்தது என்கிறார்கள். எந்த வருடம்?
- வாசகர், ராயபுரம்

1664 நவம்பர் 16 அன்று புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கியது. இப்போதுள்ள இடத்துக்கு 1772-ல் வந்தது. மருத்துவக் கல்லூரி 1835-ல்.

காலையில் எடுத்த ரத்தத்தையே மதியம் மறுபடி எடுத்தார்கள். தொலைத்துவிட்டார்களா?
- வாசகி, பெரம்பூர்

தொலைந்திருக்கும் என்பதை விட, லேப் அதை ஏற்க மறுத்திருக்கும் என்பதற்கே வாய்ப்பு அதிகம். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் நீல மூடி பாட்டிலில், ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் மருந்து 0.3 மில்லி இருந்தால், 2.7 மில்லி ரத்தம் சரியாகச் சேர வேண்டும். பாதி நிரப்பி அனுப்பினால் மருந்தின் விகிதம் கூடி, ரத்தம் உறையவே நேரமாகிறது என்று பொய்யான முடிவு வரும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடி பாட்டிலை உடனே மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்காவிட்டால், உள்ளே சின்னக் கட்டிகள் உண்டாகித் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவாகத் தெரியும். டெங்கு சீசனில் இது ஒன்றே வீட்டாரைக் கலங்கடிக்கப் போதும்.

சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, ஊசி வழியே பலமாகப் பீய்ச்சினாலோ சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியேறி, ஆபத்தான அளவில் இருப்பதுபோலக் காட்டும். அதை நம்பி வைத்தியம் செய்வதை விட, மறுபடி குத்துவதே நல்லது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிரிப்ஸ் ஓடும் கையில் ரத்தம் எடுக்க வந்தால், “இந்தக் கையில் டிரிப்ஸ் போகுது, மறு கையில எடுங்க” என்று சொல்லுங்கள். குளுக்கோஸ் ஓடும் கையில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறித் தெரியும்.

தியேட்டர் வாசல் வரை போன பிறகு ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். காபி குடித்ததுதான் காரணமாம். ஒரு வாய் காபிக்காகவா?
- வாசகர், திருவொற்றியூர்

ஆமாம், அது சரியான முடிவுதான். மயக்க மருந்து கொடுத்ததும், தொண்டையில் ஏதாவது இறங்கினால் தானாக இருமும் அனிச்சை அடங்கிவிடும். அப்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் சேர்ந்த எதுவும் சாப்பாட்டுக் கணக்குதான்: 6 மணி நேரம். எண்ணெயில் பொரித்தது என்றால் 8.

ஆபரேஷன் தள்ளிப்போக மாத்திரைகளும் காரணமாகின்றன. ‘டாபாகிளிஃப்ளோசின்’ போன்ற சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு சேர்ந்தால், சர்க்கரை அளவு ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ‘குளோபிடோக்ரெல்’லுக்குப் பொதுவாக 5 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். ஆனால் இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது. மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் அப்படியே காட்டுங்கள். ஆடும் பல் இருந்தாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு அது இடைஞ்சல்.

பக்கவாதத்துக்கு ஊசி இருக்கிறது என்கிறார்கள். எல்லோருக்கும் ஏன் போடுவதில்லை?
- வாசகி, கொடுங்கையூர்

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அது. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் போடவே கூடாது. அதனால்தான் முதலில் சி.டி. ஸ்கேன். ‘ஆல்டிபிளேஸ்’ என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. அதில் பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் ஏற்றுவார்கள். ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே வந்தாக வேண்டும்.

பலருக்கு வாய்ப்பு போவது வீட்டிலேயேதான். “தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று காத்திருப்பதில் நேரம் ஓடிவிடுகிறது. வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் உடனே 108. டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியா எப்போ நல்லா இருந்தார்?” எழுந்தபோதே கை விளங்கவில்லை என்றால், ராத்திரி படுக்கப் போன நேரத்தைத்தான் சொல்ல வேண்டும், எழுந்த நேரத்தை அல்ல. அந்த நேரத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி, கூடப் போகிறவரின் கையில் கொடுங்கள். தண்ணீர், சோடா, ஆஸ்பிரின் எதையும் வாயில் கொடுக்காதீர்கள். விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும்.