அந்த நண்பனிடம் என்ன கேட்டீர்கள்?

கேள்வி: என் தங்கைக்கு 28 வயது. முதுகலை வேதியியல் படித்தவள், தனியாக இருக்கிறாள். ஒன்லிஃபேன்ஸ் தளத்தில் ஆபாச வீடியோ போட்டுச் சம்பாதிக்கிறாள் என்று சென்ற மாதம்தான் தெரிந்தது. நண்பன் ஒருவன் போனில் காட்டினான். இடிந்துபோனேன். இவ்வளவு படித்தவள் ஏன் இப்படிப் போனாள்? ‘காலம் மாறிவிட்டது, இதுவும் ஒரு தொழில்’ என்கிறார்கள் சிலர். அப்பா அம்மாவுக்கும் உறவினர்களுக்கும் தெரிவதற்குள் அவளை ஒதுக்கிவிடுவதுதான் குடும்பத்துக்கு நல்லதா?

பதில்: தம்பி, ‘நண்பன் ஒருவன் போனில் காட்டினான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அது பெரும்பாலும் சந்தா கட்டிப் பார்க்கிற தளம். ஒன்று, அவன் காசு கட்டி உங்கள் தங்கையைப் பார்த்திருக்கிறான். இல்லையென்றால், யாரோ திருடிப் பரப்பியது அவன் கைக்கு வந்திருக்கிறது. இரண்டில் எது என்று கேட்டீர்களா? வேறு யாருக்கெல்லாம் காட்டினான் என்று கேட்டீர்களா? அழிக்கச் சொன்னீர்களா? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவன் இன்னமும் உங்களுக்கு நண்பன். ஒதுக்கப்பட வேண்டியவள் கூடப்பிறந்தவள். இதை எழுதும்போது உங்கள் கை கூசியிருக்க வேண்டும்.

காலம் கொஞ்சம் மாறியிருப்பது உண்மைதான். அந்தத் தளம் 2016-ல் வந்தது. தரகர், தயாரிப்பாளர் யாரும் வேண்டாம். வீட்டிலேயே படம்பிடித்துப் போட்டு, வருமானத்தில் 20 சதவீதத்தைத் தளத்துக்குக் கொடுத்தால் போதும். 2020 ஊரடங்கில் நிறையப் பேர் அங்கே போனார்கள், பட்டதாரிகளும்தான். சிலர் இப்போது சொந்த முகத்தோடு, பெயரோடு அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் இது தெரியவந்ததற்காகவே வேலையிழந்த ஆசிரியைகள் இருக்கிறார்கள். அந்த நிறுவனமே 2021 ஆகஸ்டில், வங்கிகளைக் காரணம் காட்டி, வெளிப்படையான பாலியல் காட்சிகளைத் தடைசெய்வதாக அறிவித்துவிட்டு ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. அதை நம்பிப் பிழைப்பவர்களின் நிலைமை அவ்வளவுதான். காலம் முழுதாக மாறியிருப்பது பார்க்கிறவனுக்கு மட்டுமே. அவனை யாரும் வேலையைவிட்டு அனுப்புவதில்லை, யாரும் ஒதுக்குவதுமில்லை.

அப்புறம், ‘இவ்வளவு படித்தவள்’ என்கிறீர்கள். படிக்காத பெண் என்றால் உங்களுக்கு இவ்வளவு வலித்திருக்காதோ? அந்த எண்ணத்தை விடுங்கள். கடன் இருக்கிறதா, படிப்புக்கேற்ற வேலை கிடைத்ததா, விரும்பித்தான் செய்கிறாளா, யாராவது மிரட்டுகிறார்களா என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஏன் என்று என்னிடம் கேட்கிறீர்களே, அவளிடம் கேட்டீர்களா?

எனக்கு இந்தத் தொழில் பிடிக்காது. வெளியே போன படத்தை முழுதாகத் திரும்ப வாங்க முடியாது. என் வீட்டுப் பெண் என்றால் வேண்டாம் என்று கெஞ்சியிருப்பேன், சண்டைகூடப் போட்டிருப்பேன். ஆனால் ஒதுக்கியிருக்க மாட்டேன். ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்று ஒருவன் மிரட்டினால் அது பலிப்பதே, வீடு கைவிட்டுவிடும் என்று அவள் பயப்படுவதால்தான். நீங்கள் ஒதுக்கினால் அவள் நாளைக்கே விட்டுவர நினைத்தாலும் எங்கே வருவாள்? குடும்பத்தின் மானத்தைக் காப்பது என்றால், அதற்குள் இருக்கிற ஒவ்வொருவரையும் காப்பதுதான். அவளும் அதற்குள்தான் இருக்கிறாள்.

சரி, இன்றைக்கே அந்த நண்பனைப் போய்ப் பாருங்கள். எங்கிருந்து வந்தது, யார் அனுப்பியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். வீடியோவை உங்கள் போனுக்கு வாங்காதீர்கள். பிறகு தங்கையைக் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரியும் என்பதையும் எப்படித் தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவளே எடுத்த வீடியோ என்றால் பதிப்புரிமை அவளுடையது. திருட்டுப் பிரதியை நீக்கச் சொல்லித் தளங்களுக்கு அவள் நோட்டீஸ் அனுப்பலாம். அதற்கு உதவுங்கள். பெற்றோரிடம் சொல்வது அவள் எடுக்க வேண்டிய முடிவு, நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.