வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பிடலாமா?

கேள்வி: ஞாயிறு மதியம் சமைத்த கோழிக்கறி மிச்சமாகிவிட்டது. அடுப்பு மேடையிலேயே இருந்ததை இரவு படுக்கப்போகும்போதுதான் பார்த்து, பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். இன்று செவ்வாய். வாசனை நன்றாக இருக்கிறது, ஆனால் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாமா?

பதில்: அந்த வெள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலும் உறைந்த கொழுப்புதான். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்துச் சூடு காட்டுங்கள், உருகி எண்ணெயாகிவிடும். பஞ்சு போல மயிர்மயிராக இருந்தால் அது பூஞ்சை.

ஆனாலும் அந்தக் கறியைக் கொட்டிவிடுங்கள். வயிறு எரியும், தெரியும்! மதியத்திலிருந்து இரவு வரை வெளியில் இருந்ததுதான் சிக்கல். சமைத்த இறைச்சி வெளியில் 2 மணி நேரம் தாண்டக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாளில் 1 மணி நேரம்தான். சமைக்கும் சூட்டிலும் சாகாத சில கிருமிகளின் வித்துகள், பெரிய பாத்திரத்தில் கறி மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். சில கிருமிகள் விடுகிற நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, அதனால் 'நல்லா கொதிச்சா எல்லாம் செத்துடும்' என்பது பாதி உண்மைதான்.

மூக்கை நம்புவதிலும் இதே கதை. நாற்றத்தையும் பிசுபிசுப்பையும் உண்டாக்குகிற கிருமிகள் வேறு, வயிற்றைக் கெடுக்கிறவை பெரும்பாலும் வேறு. இரண்டாவது வகை மணத்தையோ ருசியையோ மாற்றாமலே இருக்கும். புளித்த வாடை, விரலில் இழுபடுகிற வழவழப்பு, மூடியைத் திறந்ததும் நுரை, இதில் எது இருந்தாலும் யோசிக்காமல் கொட்டலாம். எதுவுமே இல்லை என்பதற்காகச் சாப்பிட முடியாது. 'லேசா ருசி பார்க்கிறேன்' என்று நாக்கில் வைக்கிற வேலையும் வேண்டாம்.

அடுத்த முறை, ஆவி கொஞ்சம் அடங்கியதுமே அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். முழுக்க ஆறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உள்ளே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால் 3, 4 நாள் தாங்கும், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான். டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுங்கள், நானே எழுதாமல் விட்டுவிட்டு 'இது எந்த வாரத்துக் கறி' என்று முழித்திருக்கிறேன்.

சாப்பிடும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கச் சுடவையுங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதியில் நிறுத்தி ஒரு கிளறு கிளறுங்கள், ஓரம் கொதிக்கும்போதே நடுத் துண்டு ஜில்லென்று இருக்கும்.