கேளுங்கள் அக்காவிடம்: ஊரடங்கிலும் வழி இருக்கிறது

(கொரோனா ஊரடங்கு இருந்த காலத்தில் வந்த கேள்விகளும் அப்போது சொன்ன பதில்களும் இவை.)

கேள்வி: அக்கா, மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். ரெண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நின்றவர். கொரோனாவால் கடையை மூடினதும் நாங்கள் இருக்கிற லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து அடிதான். அரசாங்கம் தந்த ஐயாயிரத்தையும் பறித்துக்கொண்டு போய்க் கசிப்பு குடித்தார். போன கிழமை கழுத்தை நெரித்தார். தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் சொன்னேன், பேசிச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டார். பொலிஸுக்குப் போனால் மகனை உள்ளே போட்டுவிடுவார்கள், பிள்ளைகள் அப்பா இல்லாமல் நிற்கும் என்கிறார் மாமியார். நாங்கள் குடியிருக்கிற காம்பராவும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது. இந்த ஊரடங்கில் நான் எங்கே போவது?
- பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் கழுத்து. தொண்டை வலிக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, விழுங்கும்போது கஷ்டமாக இருக்கிறதா? வெளியே ஒரு அடையாளமும் தெரியாமல் உள்ளே காயம் இருக்கலாம், அது சில நாள் கழித்துக்கூட ஆபத்தாகும், அதனால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தில் கை வைக்கிற ஆள் அடுத்த தடவை உயிரையே எடுத்துவிடக்கூடும். "கோபத்தில் செய்துவிட்டார்" என்று யார் சொன்னாலும், மாமியார் சொன்னாலும் தலைவர் சொன்னாலும், காதில் வாங்காதீர்கள். போகிற வழியில் யாராவது மறித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள், ஊரடங்கில் அதற்குத் தடை இல்லை. நடக்க முடியாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். மலையில் வழுக்கி விழுந்தேன், படியில் தடுக்கினேன் என்று எத்தனை பெண்கள் சொல்லிவிட்டு வருகிறார்கள், அப்புறம் வழக்கு என்று வரும்போது ஆஸ்பத்திரித் துண்டில் அதுதான் எழுதியிருக்கும். யார் அடித்தது, எதைக்கொண்டு அடித்தது, எங்கே பிடித்தது என்று உள்ளதை அப்படியே சொல்லுங்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்காகவே "நட்பு நிலையம்" என்று ஒரு இடம் இருக்கிறது, சிங்களத்தில் "மிதுரு பியச" என்பார்கள். வெளிநோயாளர் பிரிவில் இருக்கிற தாதியிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். கதவை மூடிவைத்துக் கேட்பார்கள், மருந்துக்கும் ஆலோசனைக்கும் சட்ட உதவிக்கும் வழி காட்டுவார்கள்.

சரி, இனி மாமியார் காட்டுகிற பயத்துக்கு வருவோம். நம் தோட்டங்களில் பெண்களை வாய் திறக்கவிடாமல் வைத்திருப்பது அந்த ஒரு பயம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அதன்படி நீங்கள் நீதவான் நீதிமன்றத்தில் கேட்பது "பாதுகாப்புக் கட்டளை". அது விவாகரத்தும் இல்லை, அவரைச் சிறையில் போடச் சொல்கிற வழக்கும் இல்லை. "இவளை அடிக்காதே, மிரட்டாதே, இவள் வேலை செய்கிற இடத்துக்குப் போய்த் தொந்தரவு செய்யாதே" என்று நீதவான் அவருக்குப் போடுகிற கட்டளை அது. இந்தச் சட்டப்படி, அதை அவர் மீறினால்தான் தண்டனை: பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது ரெண்டும். ஆக, இந்தக் கட்டளையால் அவர் உள்ளே போவதும் போகாததும் அவர் கையில்தான் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. இதை மாமியாருக்கு நேராகவே சொல்லுங்கள்.

விண்ணப்பம் கொடுத்ததும் அவசரம் என்று நீதவானுக்குப் பட்டால் உடனே இடைக்காலக் கட்டளை போடலாம், விசாரணையைப் பதினாலு நாளுக்குள் வைக்க வேண்டும். முழுக் கட்டளை பன்னிரண்டு மாதம் வரை செல்லும். அடி மட்டும் இல்லை, மனதை வதைப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். காம்பரா யார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற வீட்டுக்குள் உங்களை விடாமல் தடுக்கக் கூடாது என்று அவருக்குக் கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, தேவைப்பட்டால் அவரையே உள்ளே வராதே என்றும் சொல்லலாம். செலவுக்குக் காசு கொடுக்கச் சொல்லலாம், குடும்ப ஆலோசனைக்கு அனுப்பலாம், உங்களைப் பாதுகாப்பான இல்லத்தில் தங்க வைக்கவும் ஏற்பாடு செய்யலாம்.

ஊரடங்கில் ஹட்டன் கோர்ட்டுக்கு எப்படிப் போவது என்று யோசிப்பீர்கள். உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே அந்த விண்ணப்பத்தைப் போடலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பொலிஸில் சிறுவர் மகளிர் பிரிவைக் கேளுங்கள். "குடும்பப் பிரச்சினைதானே, வீட்டுக்குப் போய்ப் பேசித் தீருங்கள்" என்று அனுப்பப் பார்ப்பார்கள், அசையாதீர்கள். "வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை வேண்டும்" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லி, முறைப்பாட்டைப் பதிந்து என்ட்ரி போட்டதும் அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதி நீட்டினால், தமிழில் வாசித்துக் காட்டி உங்களுக்குப் புரிகிற வரைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அரசாங்கத்தின் மகளிர் உதவி இலக்கம் 1938, அங்கே தமிழில் பேசலாம்.

போனை அவர் பார்ப்பார் என்றால் லயத்திலிருந்து எடுக்காதீர்கள். மலையில் கூட வேலை செய்கிற பெண்ணின் போனில், கொழுந்து நிறுக்கப் போகிற நேரத்தில் எடுங்கள். ஊரடங்கிலும் தோட்ட வேலை நடக்கிறது, ஒரு நாளில் அவர் கண் படாமல் நீங்கள் இருக்கிற நேரம் அதுதான். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா ஆயாவிடமோ அக்கா தங்கையிடமோ கொடுத்து வையுங்கள், உங்கள் காம்பராவில் வைக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரியே திரும்பக் கை ஓங்கினால் பையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து 119க்கு எடுங்கள்.

தலைவர் நல்ல மனிதராக இருக்கலாம். சம்பளம், வேலை நாள் என்றால் அவரிடம் போங்கள். கழுத்தை நெரித்ததைச் சமாதானம் பேசி முடிக்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

கேள்வி: பக்கத்துக் காம்பராவில் கொரோனா என்று தனிமைப்படுத்தி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். ராத்திரியில் அந்த அக்கா கத்துகிற சத்தம் கேட்கிறது, சின்னப் பிள்ளையும் அழுகிறது. உள்ளே போகவும் பயம், சும்மா இருக்கவும் மனம் வரவில்லை.
- வாசகி, பதுளை

பதில்: உள்ளே போக வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். சத்தம் கேட்கிற அந்த நேரத்திலேயே 119க்கு எடுத்து, தோட்டம், டிவிஷன், லய இலக்கம் எல்லாம் தெளிவாகச் சொல்லுங்கள், தனிமைப்படுத்தின வீடு என்பதையும் சேர்த்துச் சொன்னால் அதற்கு ஏற்ற மாதிரி வருவார்கள். பிள்ளைக்காக 1929, அது சிறுவர் உதவி இலக்கம். விடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பிஎச்ஐயிடமோ குடும்ப நல மருத்துவமாதிடமோ காதில் போட்டு வையுங்கள். அந்த வாசலுக்குப் போக அவர்களுக்குக் காரணம் இருக்கிறது, பிரஷர் பார்க்கிற சாக்கில் அந்த அக்காவைத் தனியாக வெளியே கூப்பிட்டு விசாரிக்கலாம். நோயைப் பரவாமல் தடுக்கத்தான் தனிமைப்படுத்துகிறார்கள், அடிக்கிற ஆளோடு ஒரு பெண்ணைப் பூட்டி வைக்க இல்லை. நீங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அந்த அக்காவின் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள், பக்கத்துக் காம்பராக்காரர்களையும் கூப்பிடச் சொல்லுங்கள். வெளியே ஆள் விழித்திருக்கிறது என்று தெரிந்தாலே பல பேர் ஓங்கின கையை இறக்கிவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு அறுபத்திரண்டு வயது. மகன் குடித்துவிட்டு என்னை அடிக்கிறான். இந்தச் சட்டமெல்லாம் புருஷன் அடித்தால் மட்டுமா?
- ஒரு தாய், நாவலப்பிட்டி

பதில்: இல்லையம்மா. மகன், அண்ணன் தம்பி, மாமனார் மாமியார் என்று யார் அடித்தாலும் அதே சட்டம், அதே பாதுகாப்புக் கட்டளை. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதா என்று தயங்குவீர்கள், அது எனக்குப் புரிகிறது. மேலே அந்தத் தங்கச்சிக்குச் சொன்னதேதான் உங்களுக்கும், கட்டளையை அவன் மீறாத வரைக்கும் இந்தச் சட்டத்தில் சிறை இல்லை. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார், கிராம சேவகரிடம் அவருடைய போன் இலக்கத்தை வாங்கி, மகன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள்.