வயல் வாய்க்கால் கட்டுகள்: கேள்வி பதில்

நீர்ப்பாசன வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர் பதில் சொல்கிறார்.

உன்னிச்சைக் கமக்காரர்: ஐயா, எங்கட வட்டையில் வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டிய சின்ன அணை இரண்டு மாரிதான் நின்றது. கொங்கிரீட்டில் ஒரு வெடிப்பும் இல்லை. பிறகேன் சரிந்தது?

அப்படியென்றால் கொங்கிரீட்டைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர் அடியால் போயிருக்கிறது. மேற்பக்கம் தேங்குவது மண்ணுக்குள்ளால் ஊறிக் கீழ்ப்பக்கம் வரும். வழி குட்டையாக இருந்தால் மணலையும் இழுத்துக்கொண்டு வரும். அணைக்குக் கீழே கொப்பளிக்கும் நீரைக் கையில் அள்ளிப் பாருங்கள். தெளிவென்றால் பொறுக்கலாம். உள்ளங்கையில் மணல் தங்கினால் அடி காலியாகிறது.

இதற்கு லேன் என்பவரின் கணக்கு ஒன்று உண்டு. நுண்மணலில், இரு பக்க நீர்மட்ட வித்தியாசத்தைப் போல் 7 மடங்கு நீளமாக ஊறும் பாதை இருக்கவேண்டும். செங்குத்துத் தூரத்தை முழுதாகவும், கிடைத் தூரத்தை மூன்றிலொன்றாகவும் எண்ணவேண்டும். வித்தியாசம் 1 மீற்றர் என்றால், 3 மீற்றர் தளம் போட்டு, இரு நுனியிலும் 1.5 மீற்றர் ஆழத்துக்கு மறிப்புச் சுவர் இறக்குங்கள். சுவர்களில் இறங்கி ஏறுவது 6, தளத்துக்கு 1. சரி, 7 வந்துவிட்டது.

செலவு இடித்தால் முதலில் கட்டையாவது அந்தச் சுவர்தான். மண் மூடியபின் யார் பார்க்கப் போகிறார்கள்? வேலை பழகிய நாளில் நானும் ஒன்றைக் கோட்டை விட்டேன். திரும்பத் தோண்டச் சொல்ல வாய் வரவில்லை. அதுவும் இரண்டு மாரிதான் நின்றது.

சம்மாந்துறை வாசகர்: சேர், 60 ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் விட 6 அங்குலக் குழாய் காணுமா?

வயல் முழுக்க நாளுக்கு 10 மில்லிமீற்றர் உயரத் தண்ணீர் என்று பிடித்தால் செக்கனுக்கு 28 லீற்றர், பழைய கணக்கில் 1 கியூசெக், அதாவது செக்கனுக்கு ஒரு கன அடி. 6 அங்குலக் குழாய் அதைத் தர இரு பக்கமும் ஒன்றேகால் அடி நீர்மட்ட வித்தியாசம் கேட்கும். உங்கள் தட்டை நிலத்தில் அதற்கு எங்கே போவது? 9 அங்குலத்துக்கு 3 அங்குல வித்தியாசமே போதும். உழவுக் காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், அப்போதும் கைகொடுக்கும்.

ஒலுவில் மாணவி: வானை, அதாவது மிகை நீர் வழிந்தோடும் கட்டை, நீட்டுவதா, மேலால் பாயும் நீரின் உயரத்தைக் கூட்ட விடுவதா?

நீட்டுங்கள், மகள். கட்டின் மேல்விளிம்பு அகலமான தட்டையாக (அகன்ற முடி) இருந்தால், உயரத்தின் ஒன்றரை அடுக்கை நீளத்தாலும் 1.7ஆலும் பெருக்குங்கள். 3 மீற்றர் நீளம், 0.3 மீற்றர் உயரத்துக்கு செக்கனுக்கு 0.84 கனமீற்றர். உயரம் இரட்டித்தால் பாய்ச்சல் 2.8 மடங்காகும், உண்மைதான். ஆனால் மேற்பக்கமும் நீர்மட்டம் ஏறும், அந்தப் பக்கத்து வயல்காரன் உங்களைத் தேடி வருவான்.

சாய்ந்தமருது வாசகர்: தோணாவை, கடலுக்கு வடியும் அந்த நீரோடையை, கடக்கும் பாதைக்குக் கீழே மூன்று குழாய் இருந்தும் வெள்ளம் வடியவில்லை, காக்கா.

மூன்று குழாய்க்கு நடுவே இரண்டு முட்டு. ஆற்றுவாழை அதில்தான் சிக்கும். ஒரே அகலப் பெட்டி மதகு நல்லது. ஆனால் தோணாவின் வாயைக் கடல் மணல் மூடிக் கிடந்தால் எந்த மதகும் வடிக்காது. முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.